பிழையும் நகலாகுமா?

"அப்ப பிழையும் அங்க போகுமா?" கல்முனையில் என் சின்ன அலுவலகத்தில், ஆறிப்போன பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் கேட்டது இன்றும் காதில் நிற்கிறது. அவர் காரைதீவைச் சேர்ந்தவர். பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பித்தார். என் வயதுதான். ஊரோடு சேர்ந்து நானும் டீச்சர் என்றே கூப்பிட்டேன்.

இரத்ததானம் செய்வோருக்காக நாங்கள் இருவரும் ஒரு தரவுத்தளம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அதுவரை எல்லாம் வட்ஸ்அப் குழுவில்தான். அவசரம் என்று செய்தி விழுந்தால் ஒரே ஆளுக்குப் பலர் கோல் எடுப்பார்கள். மற்றவர்களை யாரும் தேடமாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் கொட்டிவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். டீச்சர் கேட்ட கேள்விகளில் அது உடைந்தது. ஆள் வேறு, அவர் இரத்தம் கொடுத்த தடவைகள் வேறு, ஆஸ்பத்திரித் தேவை வேறு. மூன்றையும் தனித்தனியே வைத்துத் தொடுத்தோம். ஒருவரை ஒரு தேவைக்கு ஒதுக்கிவிட்டால் இன்னொருவர் அவரை எடுக்க முடியாது. அந்தத் தடையை, தொண்டர்கள் பாவிக்கும் செயலியில் வைக்காமல் தரவுத்தளத்துக்குள்ளேயே வைத்தோம். நாளைக்கு யார் புதிய செயலி எழுதினாலும் விதி மாறக்கூடாது.

கரண்ட் போனாலும் நிற்காதிருக்க, தரவுத்தளத்தைக் கிளவுட்டில் வாடகைக்கு எடுத்தோம். ஒன்று விழுந்தால் உடனே கைகொடுக்க இன்னொரு கட்டடத்தில் அதன் இரட்டை ஓடும் என்று நான் பெருமையாக விளக்கியபோதுதான் டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஓம், பிழையும் போகும்" என்றேன். இயந்திரம் விழுந்தால் இரட்டை காப்பாற்றும். பிழையாக எழுதினால் அதுவும் அப்படியே எழுதிக்கொள்ளும். பிழைக்கு முந்திய நேரத்துக்குத் திரும்பிப்போகத் தனிக் காப்புப் பிரதி வேண்டும்.

"திரும்பிப் போய்ப் பாப்பமா?" என்றார் டீச்சர். சோதனையாக ஒருமுறை மீட்டுப் பார்த்தோம். மீட்ட தரவுத்தளம் புதிய முகவரியோடு எழும்பியது. எங்கள் செயலியோ பழைய முகவரியிலேயே நின்றது. அன்றே எங்களுக்கென்று ஒரு பெயர் வைத்து, செயலி அந்தப் பெயரைத் தேடும்படி மாற்றினோம். இனி அந்தப் பெயரைப் புதிய முகவரிக்குத் திருப்பினால் போதும்.

சில மாதம் கழித்து, ஒரு பகல். பிரசவத்தில் ஒரு தாய்க்கு ஓ நெகட்டிவ் தேவைப்பட்டது. தொண்டர் ஒருவர் கோல் எடுத்தால், "நான் பி பொசிட்டிவ்தானே" என்றது மறுமுனை. அடுத்தவரும் அப்படியே. காலையில் ஏற்றிய புதிய விபரங்கள் ஒரு வரி தள்ளி விழுந்து, எல்லோருடைய இரத்த வகையும் பக்கத்துப் பெயருக்குப் போயிருந்தது. இரட்டையும் அதையே வைத்திருந்தது.

காலைக்கு முந்திய நேரத்துக்கு மீட்கத் தொடங்கினோம். புதியது எழும்பும்வரை டீச்சர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. செயலி தேடும் பெயரைப் புதிய முகவரிக்குத் திருப்பியதும், ஓ நெகட்டிவ் பட்டியலில் முதலில் வந்தவர் ஒலுவில்காரர், கடற்றொழிலாளி. கோல் எடுத்தோம். "இப்பதான் கரைக்கி வந்தன். வாறன்" என்றார்.

தாயும் பிள்ளையும் தப்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலில், முழங்கையில் பஞ்சோடு நின்றவரிடம் டீச்சர் கேட்டார்: "கடல்ல நிக்கக்குள்ள நாங்க கோல் எடுத்திருந்தா?"

"சிக்னல் கிடைக்கா டீச்சர். நீங்க அடிச்சிட்டே இரிந்திருப்பீங்க."

எவ்வளவோ யோசித்துக் கட்டிய தரவுத்தளத்தில், ஆள் இப்போது கடலிலா கரையிலா என்று பதிய ஓரிடமும் இருக்கவில்லை. அடுத்த கிழமையே அதைச் சேர்த்தோம்.

டீச்சர் இப்போது வேறு மாவட்டத்தில் படிப்பிக்கிறார். இங்கே ஒலுவிலிலும் சாய்ந்தமருதிலும் தோணி வந்து சேர்ந்ததும், மீன் இறக்குவதற்கு முன்பே, யாரோ ஒரு மனைவியோ மகளோ கைப்பேசியை எடுத்து 'கரையில்' என்று அழுத்திவிடுகிறார்.