எனக்கென்று பிடித்து வைத்த சீட்

பஸ்ஸில் முதன்முதலாக எனக்கு எழுந்து இடம் கொடுத்தவள் ஒரு கல்லூரிப் பெண். பொம்மனஹள்ளியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காதிலிருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு எழுந்தாள். "கூத்கொள்ளி அக்கா" என்றாள் கன்னடத்தில். என்னை எதற்கு உட்காரச் சொல்கிறாள் என்று விழித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் புரிந்தது.

"ஐயோ, இல்லம்மா, நான் அப்படியெல்லாம் இல்ல" என்றேன். தமிழில் சொன்னாலும் அவளுக்கு விளங்கிவிட்டது. பாவம், முகம் செத்துப்போயிற்று. "சாரி அக்கா, சாரி" என்று நாலு தடவை சொன்னாள். அவளும் திரும்ப உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. ஒரு சீட் காலியாகக் கிடக்க, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் கீரைக்கட்டோடு ஏறிய ஓர் அம்மா "அப்பாடா" என்று அதில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் எழுந்துதான் இருப்பேன்.

அதற்கப்புறம் இரண்டு மூன்று தடவை இப்படியே நடந்தது. காலையில் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் பஸ்ஸில், பெண்களுக்கு இலவசம் என்று ஆனதிலிருந்து, மூச்சு விட இடமிருக்காது. அந்த நெரிசலில் "நான் கர்ப்பம் இல்லீங்க, குண்டுதான்" என்று எத்தனை பேருக்கு விளக்கம் சொல்வது? ஒருநாள் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். கால் வேறு வலித்தது. எனக்கென்ன, வேண்டுமானால் நினைத்துக்கொள்ளட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் உடம்பைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் எப்போதும் ஓர் அபிப்பிராயம் இருந்திருக்கிறது. என்னைத்தான் யாரும் கேட்டதில்லை. நான் கோலார் தங்கவயல்காரி. எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் இதே வார்ப்பு, மேலே கனம், கீழே கனம், நடுவில் இடை என்று ஒன்று முப்பது வயது வரைக்கும் இருக்கும். பதினாலு வயதில் அம்மா என் ஷாலை மூன்று இடத்தில் ஊக்கு குத்தி அனுப்புவார். "குனியாத, ஓடாத, கையத் தூக்காத." பெங்களூருக்கு வேலைக்கு வரும் ரயிலில், கையைத் தூக்கிக் கம்பியைப் பிடிக்காமல் எப்படி நிற்பது? நிற்பேன். முழங்கையை முன்னால் வைத்துக்கொண்டு, இடிக்கிறவனைத் திரும்ப இடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த உடம்புக்கு முதல் நல்ல வார்த்தை சொன்னவர் என் மாமியார். பெண் பார்க்க வந்த அன்று, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நான் உள்ளே திரும்பிப் போகும்போது பக்கத்திலிருந்த தங்கையிடம் சத்தமாகவே சொன்னார்: "இடுப்பு நல்லா அகலமா கீது. பேறுகாலம் சுளுவா ஆயிடும்." எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? கல்யாணமான புதிதில் புடவை கட்டிக்கொண்டு அந்த இடுப்பில் கை வைத்துக் கண்ணாடியில் பார்ப்பேன். நன்றாகத்தான் இருந்தேன். என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. குழந்தை இல்லை. இடுப்பு மட்டும் சொன்ன சொல் தவறாமல் அப்படியே இருந்தது. இப்போது மாமியார் அதைப் பார்க்கிற பார்வை, கடைக்காரன் நல்ல பழம் என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டதைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

நீர்க்கட்டி என்றார் டாக்டரம்மா. மாத்திரை, ஊசி, ஸ்கேன் எல்லாம் முடிந்து, ஒருநாள் என்னை எடை பார்க்கும் மெஷினில் ஏற்றி இறக்கிவிட்டுச் சொன்னார்: "பத்து கிலோ குறைச்சிட்டு வாங்க. அதுக்கப்புறம்தான் அடுத்த ட்ரீட்மென்ட் பத்திப் பேச முடியும். வயசும் ஆகுது, இல்லையா?" என் வீட்டுக்காரர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எந்த உடம்பைப் பார்த்துப் பிள்ளை பெறுவாள் என்று கட்டிவந்தார்களோ, அந்த உடம்பைக் கரைத்தால்தான் பிள்ளை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அசதியாக இருந்ததால் இரண்டும் செய்யவில்லை.

சோறு போயிற்று. காலையில் வெந்தயத் தண்ணீர், மத்தியானம் ராகி, இரவில் வேகவைத்த பயறு. பயறைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். எங்கள் தெருவில் நடக்கப் பிளாட்பாரம் கிடையாது, இருக்கிற இடத்தில் பைக் நிற்கும். அதனால் மொட்டை மாடியில், தண்ணித் தொட்டிக்கும் கொடிக்கம்பிக்கும் நடுவில் நடந்தேன். கீழ் வீட்டு அம்மா "தலைக்கு மேல யாரோ மாவு இடிக்கிற மாதிரி இருக்குது" என்று வந்து கேட்டுவிட்டுப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன்.

எடை குறைவது எப்படி என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. நாம் கேட்கிற இடத்தில் குறையாது. முதலில் கன்னம் போயிற்று. அடுத்து நெஞ்சு. தோளில் பட்டை அழுத்தி அழுத்திப் பள்ளமான தடம் அப்படியே இருக்க, பட்டை மட்டும் தொளதொளவென்று நழுவியது. கழுத்துக்குக் கீழே இரண்டு எலும்பு எட்டிப் பார்த்தது. வயிறு மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அந்த நாட்களில்தான் பஸ்ஸில் ஓர் அக்கா கிடைத்தாள். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரி. பொம்மசந்திராவில் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் வேலை. எனக்கு முன்னால் மடிவாளாவிலேயே ஏறிவிடுவதால் அவளுக்கு எப்போதும் சீட் இருக்கும். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவளை "எழுந்து வழி வுடுடி, புள்ளத்தாச்சி நிக்குது" என்று அதட்டினாள். "இங்க வந்து குந்தும்மா. எத்தினி மாசம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் "முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி" என்று எல்லாரையும் முன்னால் தள்ளினார். "நாலு இருக்குமா?" என்று அவளே கேட்டு, அவளே "நாலுதான்" என்று முடிவும் செய்துவிட்டாள். நான் சிரித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மறுநாளிலிருந்து பக்கத்து சீட்டில் அவள் சாப்பாட்டுப் பை இருக்கும். என்னைப் பார்த்தால் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். நடுவில் யாராவது கேட்டால் சண்டைக்குப் போவாள். உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்ப் பத்தை கொண்டுவருவாள். "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. பாரம் தூக்காத. அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி எழுந்திரிக்காம குந்திக்கினே இருக்காத." எல்லாவற்றுக்கும் "சரிக்கா" என்பேன். "வளைகாப்புக்குக் கூப்பிடாம வுட்டுப் பாரு, உங்க வூட்டு வாசல்ல வந்து கூச்சல் போடுவேன்" என்று ஒருநாள் தொடையில் தட்டிச் சொன்னாள்.

சொல்லியிருக்க வேண்டும். தினமும் நினைப்பேன். ஆனால் உலகத்தில் அந்த ஒரு இடத்தில்தான், என் வயிற்றைப் பார்த்து ஒருத்தி முகம் மலர்ந்தாள். ஆபீஸில் அதைப் பார்த்து டயட் சொன்னார்கள். வீட்டில் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். டாக்டரம்மா அதில் விரலால் தட்டிப் பார்த்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மாங்காய் தின்கிற முக்கால் மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை.

பிறகு ஆபீஸில் எங்கள் மாடியை இடித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். இரண்டு மாதம் வீட்டிலிருந்தே வேலை. அந்த இரண்டு மாதத்தில்தான் வயிறு மனமிரங்கியது. குறைய ஆரம்பித்ததும் மளமளவென்று குறைந்தது. எல்லாரும் பேசினார்கள். வீடியோவில் பார்த்த ஆபீஸ் பெண்கள் "செமையா இருக்க, எப்படி?" என்றார்கள். அம்மா தங்கவயலிலிருந்து வந்து பார்த்து, "என்னாடி இது, கஞ்சிக்குக் கூட வக்கில்லாதவ மாதிரி ஆயிட்ட" என்று மூக்கைச் சிந்தினார். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அவர் கை வழக்கமான இடத்துக்கு வந்து, அங்கே இருக்க வேண்டியதைத் தேடிவிட்டுத் திரும்பிப் போயிற்று. எனக்கும் அது தேவைப்பட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. நாள் பூராவும் திட்டித் திட்டி விரட்டிய சதை, போன பிறகு எனக்கு ஏக்கமாக இருந்தது. கண்ணாடியில் சின்னதாக, வதங்கிப்போய், யாரோ ஒருத்தி நின்றாள். அவளை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.

திரும்ப ஆபீஸுக்குப் போன அன்று சாயங்காலம்தான் டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டியிருந்தது. பத்து கிலோவும் முடிந்திருந்தது. பழைய சுடிதாரையே பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒரு சின்னப் பெண் என்னைத் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். எனக்குக் கோபம்கூட வந்தது.

அக்கா அதே இடத்தில் இருந்தாள். பக்கத்தில் அதே பை. இரண்டு மாதமும் அப்படித்தான் வைத்திருந்தாளோ என்னவோ. என்னைப் பார்த்ததும் "ஏ!" என்று கையைத் தூக்கினாள். அவள் கண் என் வயிற்றுக்குப் போனது. அப்புறம் முகத்துக்கு வந்தது. திரும்ப வயிற்றுக்குப் போனது. தூக்கிய கை மெதுவாக இறங்கியது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உட்கார்ந்தேன். தையல் ஊசி குத்திக் காய்த்துப்போன விரல்களால் அவள் என் கையைப் பிடித்தாள். "எப்போ ஆச்சு?" என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

குழந்தை கலைந்துபோனதாக அவள் நினைக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்படி இல்லக்கா, நான் எடையைக் குறைச்சேன், அவ்வளவுதான். வாக்கியம் தயாராக இருந்தது. கல்லூரிப் பெண்ணிடம் சொன்ன அதே மாதிரி சொல்லிவிட்டால் முடிந்தது. வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. ஸ்கேன் ரூமில் வராத அழுகை, மாமியார் முன்னால் வராத அழுகை. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அக்கா முந்தானையை இழுத்து, பஸ்ஸில் நிற்பவர்களுக்குத் தெரியாமல் என்னை மறைத்துக்கொண்டாள். "அழு. வூட்ல அழ வுட்டிருக்க மாட்டாங்க" என்றாள்.

ஆமாம், விட்டதில்லை. ஒன்பது வருஷமாக மாதா மாதம் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நான் பார்த்ததற்கு யாரும் பேர் வைக்கவில்லை. நடக்காத ஒன்றுக்குத் துக்கம் விசாரிக்க யார் வருவார்கள்? இவள் வந்துவிட்டாள். அவளை ஏமாற்றுகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"எனக்கு ரெண்டாவது இப்படித்தான் போச்சு. ஆறு மாசம். அடுத்த வாரமே மெஷின்ல குந்திட்டேன்" என்றாள் அக்கா. "வேற பொறக்கும், வேற பொறக்கும்னாங்க. பொறந்துச்சு. அதுக்காவ அது இல்லன்னு ஆயிடுமா?" ஜன்னல் வழியாக மேம்பாலத்துத் தூண்களைப் பார்த்தாள். "அதுக்கு நான் பேரு வெச்சிருந்தேன். எங்க வூட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. நீ வெச்சிருந்தியா?"

"வெச்சிருந்தேன்க்கா" என்றேன்.

அதில் பொய் இல்லை. கல்யாணமான முதல் வருஷமே வைத்துவிட்டேன். பெண் குழந்தைக்கான பேர். சொன்னால் கண் பட்டுவிடும் என்று யாரிடமும் சொன்னதில்லை, பக்கத்தில் படுக்கிறவரிடம்கூட. கண்டக்டர் என் ஸ்டாப்பைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தார். நான் குனிந்து அக்காவின் காதில் அந்தப் பேரைச் சொன்னேன்.

அக்கா அதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு, கொஞ்சம் சத்தமாக, தூரத்தில் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி இன்னொரு தடவை சொன்னாள்.