வால்வு அண்ணன் போட்ட ஒரு வரி

அவருடைய சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் அந்தத் தெருக்களில் குறைவு. எல்லோருக்கும் அவர் வால்வு அண்ணன். பதினொரு வருடமாகக் குடிநீர் வால்வைத் திறந்து மூடுகிற வேலை. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவார். முந்நூறு வீடுகள் அதில் இருந்தன. அவர் ஆறேகால் என்றால் ஆறேகாலுக்குக் குழாய் இருமத் தொடங்கிவிடும்.

அந்த வாரம் வாந்தியும் பேதியும் கிளம்பின. முதல் நாள் கடைசி வீட்டில் இரண்டு பேர். அடுத்த நாள் ஒன்பது பேர். கேபிள் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில், குடிநீர்க் குழாய் சாக்கடையை ஒட்டி நனைந்து கிடந்ததை வால்வு அண்ணன் பார்த்திருந்தார். மேற்பார்வையாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னார்.

"டெஸ்ட் முடிவு இன்னும் வரலை. அதுக்குள்ள ஊரைக் கிளப்பிடாதீங்க. தண்ணி நல்லாத்தான் இருக்குன்னு ஒரு வரி போடுங்க. நீங்க போட்டா அடங்கிடுவாங்க."

கடைசியில் சொன்னது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. போட்டுவிட்டார்.

மறுநாள் சுகாதாரச் செவிலி வீடு வீடாகப் போய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். "வால்வு அண்ணனே சொல்லிட்டாரு, நீங்க வேற" என்று கதவைச் சாத்தினார்கள். வால்வு அண்ணனின் தங்கையும் அப்படித்தான் சாத்தினாள். சாயங்காலம் அவள் கணவரை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் வராந்தாவிலேயே படுக்கவைத்திருந்தார்கள். மச்சானின் கண்கள் குழிக்குள் போயிருந்தன.

"குடிக்கலாம்னு நீதானேண்ணா போட்டிருந்தே?" என்றாள் தங்கை. அவள் குறை சொல்லவில்லை. சரிதானா என்று கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

வால்வு அண்ணன் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து குழுவில் தட்டினார்: 'நான் போட்டது தப்பு. குழாய்ல சாக்கடை கலந்திருக்கு. காய்ச்சாம யாரும் குடிக்காதீங்க.'

பதில்கள் வந்து விழுந்தன. 'அண்ணன் போன் யார் கையில இருக்கு?' 'இது அவர் பேச்சே இல்லை.' 'தண்ணி லாரிக்காரன் வேலை, நம்பாதீங்க.' குழுவை அவரோடு சேர்ந்து பார்த்துக்கொள்ளும் மளிகைக்கடைக்காரர் அவருடைய எண்ணையே நீக்கிவிட்டார். பாதுகாப்புக்காகவாம்.

விடிந்ததும் வால்வு அண்ணன் யாரையும் கேட்காமல் பெரிய வால்வை இறுக்கி மூடினார். குடங்களோடு கூட்டம் சேர்ந்தது.

"என்னண்ணே, நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"நான் போட்டது பொய்யாப் போச்சுப்பா. அந்தத் தண்ணி வேண்டாம்."

"பாவம், அவரை யாரோ மிரட்டியிருக்காங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல், நிஜமான பரிவோடு.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. சாக்கடைதான். அதற்குள் ஐந்து பேர் போயிருந்தார்கள். மச்சான் எப்படியோ பிழைத்துக்கொண்டார். உத்தரவில்லாமல் மூடியதற்காக வால்வு அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

செத்தவர்களின் வீட்டில்கூட ஒருவரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. இப்போதும் தினமும் யாராவது போன் செய்கிறார்கள்.

"அண்ணே, இன்னைக்குத் தண்ணி குடிக்கலாமா?"

"எனக்குத் தெரியாதும்மா. செவிலியம்மாவைக் கேளுங்க. காய்ச்சிக் குடிங்க."

"அதெல்லாம் சரிண்ணே. உங்க மனசுக்கு என்ன தோணுது, அதைச் சொல்லுங்க."