கரும்பை வெட்டியது யார்?

அமெரிக்காவில் சுகர் லேண்ட் என்ற ஊருக்கு வந்த மூன்றாம் வருடம், ஊர் அருங்காட்சியகத்தில் சம்பளமில்லா வழிகாட்டியாகச் சேர்ந்தேன். கணவரின் விசாவில் வந்தவள். வேலை பார்க்க அனுமதி கிடையாது. மதுரையில் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டிருந்த எனக்கு வீட்டிலேயே கிடந்து மூச்சு முட்டியது.

முதல் சனிக்கிழமை ஐந்து பேர் வந்திருந்தார்கள். கரும்புத் தோட்டங்கள், சர்க்கரை ஆலை, தொழிலாளர்களுக்காக ஆலை கட்டிக்கொடுத்த வீடுகள் என்று, வீட்டில் எழுதி மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். வெளியே அழைத்துப்போய், மூடிக்கிடக்கும் ஆலையின் உயரமான செங்கல் கட்டடத்தைக் காட்டினேன். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள், ஒருவரைத் தவிர. அறுபது வயதிருக்கும் கறுப்பினப் பெண்மணி அவர்.

"கரும்பை வெட்டினது யாரு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும். வந்தவர்கள் முகம் சுளிப்பார்களோ என்று நானேதான் குறிப்பிலிருந்து அடித்துவிட்டிருந்தேன். இப்போது சொன்னேன். அடிமை முறை ஒழிந்த பிறகு சிறைக் கைதிகளைத் தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். பெரும்பாலும் கறுப்பின மக்கள். பலர் இங்கேயே செத்தார்கள். சமீபத்தில் பள்ளிக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது அவர்களின் எலும்புகள் கிடைத்தன.

"எங்க தாத்தாவோட அப்பாவும் அதுல ஒருத்தர்னு வீட்டில சொல்வாங்க. எங்க புதைச்சாங்கன்னு தெரியாது" என்றார் அவர்.

மற்றவர்கள் கிளம்பியதும் அவரை என் காரிலேயே அந்த எலும்புகளை மறுபடி புதைத்திருக்கும் கல்லறைகளுக்கு அழைத்துப்போனேன். வேலிக்கு வெளியே வெகுநேரம் நின்றார். நானும் கூடவே நின்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர், "முதல் நாளே இதெல்லாம் பேசினியா? பயமா இல்ல?" என்றார்.

"இருந்துச்சு. ஆனா கேட்டவங்ககிட்ட எப்படிப்பா மறைக்கிறது?"

மறுநாளே குறிப்பைத் திருத்தி, அருங்காட்சியகப் பொறுப்பாளரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இதை எல்லாக் குழுவுக்கும் சொல்லுங்க" என்றார்.

அடுத்த மாதம் அந்தப் பெண்மணி ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வந்திறங்கினார். என்னைத்தான் கேட்டாராம். சுற்றிக் காட்டி முடித்ததும் விடவில்லை. பூங்காவில் விரிப்பை விரித்து, நடுவில் என்னை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். சாப்பிடும்போதே அவருடைய தம்பி, தாத்தாவின் அப்பாவைப் பற்றி வீட்டில் வழங்கும் கதைகளைச் சொல்லத் தொடங்கினார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.