வாவிக் கூட்டத்தில் இலட்சுமிப்பிள்ளை

மாங்கேணியில் இடியப்பம் அவித்து விற்ற இலட்சுமிப்பிள்ளைக்கு மந்திரம் எதுவும் தெரியாது. ஆனால் மகள் விதுர்ஷாவுக்குத் தண்ணீர் கட்டுப்பட்டது. சுனாமி அன்று ஐந்து வயதுப் பிள்ளை கையை நீட்டி அலறினாள். அலை இரண்டாகப் பிரிந்து தாயையும் மகளையும் தொடாமல் ஓடியது. கரையில் வலை கட்டிக்கொண்டிருந்த தகப்பன் திரும்பி வரவில்லை. பின்னர் யுத்தம் துரத்தியது. அகதி முகாமில் பிள்ளை அழும்போதெல்லாம் வாளித் தண்ணீர் எழுந்து நின்றது. சனம் ஒதுங்கியது.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த ஆண்டு, காத்தான்குடியிலிருந்து சேலை விற்க வந்த றஸீனா தண்ணீர் எழுந்து நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்பிடாதீங்க அக்கா. எங்கட வீட்டுலயும் இதே கூத்துத்தான்."

கையிலிருந்த கோப்பையைக் கவிழ்த்தார். தேநீர் சிந்தாமல் அந்தரத்தில் நின்றது.

மட்டக்களப்பு வாவியைச் சுற்றித் தண்ணீரைக் கட்டத் தெரிந்த குடும்பங்கள், தமிழரும் முஸ்லிம்களுமாக, மறைவாக வாழ்கின்றன என்பதை இலட்சுமிப்பிள்ளை அன்றுதான் அறிந்தார். ஊர் வழக்கப்படி அவர்களுக்கும் குடி என்னும் வம்சம் தாய்வழியில்தான். கூட்டத்தில் குடிப்பெயர் சொல்லி அழைப்பார்கள். தாய் எழுந்து வெற்றிலை வாங்குவாள். அதன் பிறகே பிள்ளைக்குப் பயிற்சி. மந்திரம் தெரியாத தாய்க்குப் பிறந்த பிள்ளையென்றால் மந்திரக்காரி ஒருத்தி தத்தெடுப்பாள், பெற்றவள் விலகிவிட வேண்டும். மறுத்தால் பிள்ளையின் வரத்தை அழித்துவிடுவார்கள்.

அந்த ஆண்டே வாவித் தீவொன்றில் கூடிய கூட்டத்துக்கு றஸீனா தாயையும் மகளையும் அழைத்துப் போனார். தலைமை தாங்கியவர் கோயில் நிர்வாகியான வண்ணக்கர் அருமைநாயகம்.

"ஆரையம்பதியில நல்ல குடும்பம் ஒண்டிருக்கு, புள்ள. உன்ட மகள அவங்க வளப்பாங்க."

"நான் செத்தா போயிற்றன்?"

"கோவிக்காத. உனக்குக் குடி இல்ல."

"குடி இல்லாத ஆள் மட்டக்களப்பில எங்கயும் இருக்கா ஐயா?"

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது.

"மந்திரக் குடியச் சொல்றன்."

"உங்கட குடிக்கு என்ன பேர்?"

"சின்னாத்தை குடி," என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்தி. "எங்கட முதல் மந்திரக்காரியப் பெத்தவட பேர்."

"அந்தச் சின்னாத்தைக்கு என்ன மந்திரம் தெரியும்?"

அருமைநாயகம் தட்டிலிருந்த வெற்றிலைகளை அடுக்கத் தொடங்கினார். றஸீனா விடவில்லை.

"சொல்லுங்களன் வண்ணக்கர்! நெல்லுக் குத்தி வாழ்ந்த மனிசி எண்டு வருசா வருசம் நீங்கதானே கதை சொல்ற!"

"அவவத் துரத்திப்போட்டு மகளை மட்டும் எடுத்திருந்தா உங்களுக்குப் பேரே இருந்திருக்காது," என்றார் இலட்சுமிப்பிள்ளை. "என்ட புள்ளையப் படிப்பிக்க மாங்கேணிக்கு வாங்க. சோறு நான் தாறன். புள்ளைய மட்டும் தரமாட்டன்."

விதுர்ஷா தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அருமைநாயகம் வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தார். பிறகு தொண்டையைச் செருமி, தீவு முழுவதும் கேட்கக் கூவினார்:

"மாங்கேணி இலட்சுமிப்பிள்ளை குடி!"

இலட்சுமிப்பிள்ளை மகளோடு எழுந்து வெற்றிலை வாங்க நடந்தார். யாரோ கைதட்டத் தொடங்க, முதிய மந்திரக்காரிகளெல்லாம் நாவைச் சுழற்றிக் குரவையிட்டார்கள்.

அடுத்த ஆண்டு கல்குடாவிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் மந்திரம் தெரியாத தாய்மார் தங்கள் பிள்ளைகளோடு வந்து முன்வரிசையில் அமர்ந்தார்கள். புதுக் குடிப்பெயர்களை அழைத்து அழைத்து அருமைநாயகத்தின் குரல் கம்மியது.

"கெதியாக் கூப்பிடுங்க ஐயா," என்றார் இலட்சுமிப்பிள்ளை. "இவங்களுக்கு பஸ் போயிரும்!"