முந்துகிற கை

இணையத்தில் அந்தத் தாள வீடியோ விளையாட்டின் மூன்றாம் பாகத்தைக் கிழி கிழியென்று கிழித்திருந்தார்கள். முதல் இரண்டு பாகங்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய அதே ஆட்கள்தான். பொத்தானை அழுத்தினால் சத்தம் பிந்தி வருகிறதாம், மதிப்பெண்ணே கிடையாதாம், இதற்குப் பெயர் விளையாட்டா என்று ஒருவன் பக்கம் பக்கமாகப் புலம்பியிருந்தான். எல்லாவற்றையும் படித்த பிறகும் நான் வாங்கினேன். துறைமுகத்தில் கன்டெய்னர்களைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கிற கிளியரிங் வேலை எனக்கு. நாள் முழுக்க அடுத்தவர் கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்துவிட்டு வருகிறவனுக்கு, வீட்டிலாவது தன் கை சொன்னபடி ஏதாவது நடக்க வேண்டும் போலிருக்கும்.

முதல் பாகம் எளிமையானது. திரையின் மேலிருந்து வெளிச்சப் பொட்டுகள் விழும். அவை கோட்டைத் தொடும்போது பொத்தானை அழுத்தினால் பாட்டு சிதறாமல் போகும். இரண்டாம் பாகத்தில் பொட்டுகளும் பாட்டுகளும் கூடின. எங்கே பிசகினோம் என்று கடைசியில் அது சொல்லவும் செய்தது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் கேம் பெட்டியில் வயர் செருகும் ஓட்டைகளெல்லாம் பச்சைக் களிம்பு பூத்துவிடும் என்று, செருப்பு வரும் கன்டெய்னர்களில் கிடக்கிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் பொறுக்கி வந்து சுற்றி அடுக்கியிருந்தேன். அதன் மேல் அவ்வளவு பிரியம்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வேதக்கோயிலில் கீபோர்டு வாசிப்பவள். எங்கள் மாவட்டத்து நாசரேத் பக்கத்து ஊர்க்காரி. பாவாடை கட்டிய காலத்திலேயே அங்கே ஆராதனைக்கு ஆர்மோனியம் வாசித்தவள். எனக்கோ சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது. ஆனாலும் இந்த விளையாட்டில் நான்தான் ஜெயிப்பேன். அவள் ஆடி முடித்தால் திரை முழுக்கச் சிவப்பில் ‘முந்தி, முந்தி, முந்தி’ என்று வரும். “ஏளா, சபைக்கே வாசிக்கிற கை இதானா?” என்று கிண்டல் செய்வேன். ஆரம்பத்தில் அவளும் சிரித்தாள். பிறகொரு நாள் கைபேசியில் தாளம் ஓடவிட்டு, கீபோர்டில் ஒரு கீர்த்தனை வாசித்துப் பார்த்தாள். அங்கேயும் விரல் முந்திக்கொண்டுதான் விழுந்தது.

அதோடு அவள் விளையாட வருவதை நிறுத்திவிட்டாள். கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம், ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

“ஐயாகிட்ட சொல்லிட்டேன். கிறிஸ்மஸோட கீபோர்டுக்கு வேற ஆள் பாத்துக்கிடுங்கன்னு.”

“எதுக்கு?”

“என் கையில தாளம் இல்லங்க. இத்தன வருசமும் தப்பாத்தான் வாசிச்சிருக்கேன். பாவம், சபை பொறுத்துக்கிட்டுப் பாடியிருக்கு.”

ஐயா என்றது எங்கள் போதகரை. அவள் அழுதிருந்தால் ஏதாவது தேறுதல் சொல்லியிருப்பேன். கரும்பலகையில் விடை எழுதி அடிக்கோடு போட்டதைப் போல அல்லவா சொன்னாள்!

அந்த வாரம்தான் நான் வாங்கிய மூன்றாம் பாகம் வீட்டுக்கு வந்தது. அதில் பொட்டும் கிடையாது, கோடும் கிடையாது. திரையில் ஒரு பெரிய கூட்டம் நிற்கிறது. நாம் தட்டுகிற தாளத்துக்கு அவர்கள் பாட வேண்டும். முன்வரிசை சட்டென்று பாடும், நடுவரிசை கொஞ்சம் பிந்தும், கடைசி வரிசை போனால் போகிறதென்று வாயைத் திறக்கும். அவர்கள் குரல் வந்து சேரட்டும் என்று நான் காத்தேன். நான் காத்ததால் அவர்கள் இன்னும் மெதுவானார்கள். அவர்களுக்காக நான் இன்னும் மெதுவாகத் தட்ட, இரண்டாவது வரியிலேயே பாட்டு படுத்துவிட்டது. எத்தனை தடவை ஆடினாலும் இதே கதிதான். “உருப்படாத சாமான். பழசே தேவல” என்று கத்தினேன்.

அவள் அடுக்களையில் ஊளி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“நீங்க அவங்களுக்காக நிக்கிதீய. நிக்கப்பிடாது.”

“பின்ன, அதுக பாட வேண்டாமா?”

“நீங்க போனா பின்னாலயே வரும்.”

“வந்து செஞ்சு காட்டேன் பாப்போம்.”

கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முதல் தட்டு விழுந்தது. பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? கூட்டம் தடுமாறியது, இழுத்தது, பின்தங்கியது. அவள் எதையும் சட்டை செய்யவில்லை. யாரும் பாடாத இடத்துக்குத் தன் பாட்டுக்குப் போய்த் தட்டிக்கொண்டிருந்தாள். வரிசை வரிசையாகக் குரல்கள் வந்து சேர்ந்தன. கடைசி வரிசையும் சேர்ந்தபோது பாட்டு வீடு கொள்ளாமல் எழும்பியது. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. அத்தனை பேரையும் ஒரு கட்டைவிரல் கூட்டிக்கொண்டு போகிறது! அந்தப் புலம்பல்காரன் என் கையில் கிடைத்திருந்தால் இழுத்து வந்து பார்க்க வைத்திருப்பேன். முதல் இரண்டு பாகங்களும் இதன் கிட்டே வர முடியாது.

“அதுக பாடுறதை நீ கேக்கவே இல்லையே?” என்றேன்.

“கேட்டா அங்கனயே நின்னுபோகும். எங்க ஊர்க் கோயில்ல ஆம்பளையாளுக எப்படி இழுப்பாங்க! அவங்க குரல் காதுல விழுந்து நாம நின்னோம்னா, ஒரு பாட்டு முடிய மத்தியானம் ஆயிரும். அதனாலதான் நான் எப்பவும் கொஞ்சம் முந்தியே…”

பேச்சை அப்படியே நிறுத்திவிட்டாள். கன்ட்ரோலரைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். பிறகு அவளே எழுந்து கைபேசியை எடுத்தாள்.

“ஐயா, கிறிஸ்மஸுக்கு அப்புறமும் நானே வாசிக்கேன். வேற யாரையாவது பேசிட்டீங்களா?”

“நான் யாரையும் தேடவே இல்லையேம்மா” என்றார் அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம்போல வாசல் பக்கம், கடைசி வரிசையில் நின்றேன். கீர்த்தனை தொடங்கியது. தூரத்தில் அவள் விரல்கள் இறங்குவது தெரிந்தது. முன்னால் பெண்கள் எடுத்தார்கள். ஆண்கள் பக்கம் ஆற அமர ஆரம்பித்தது. இந்தப் பாட்டை எத்தனை வருடமாகப் பாடுகிறேன், இன்றுதான் கேட்கிறேன். நாங்கள் முதல் வரியை இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறோம். எப்படியும் வந்துவிடுவோம் என்று நம்பி, அவள் அடுத்த வரிக்குத் தனியாகப் போய்விட்டிருந்தாள்.