களத்தில் கொட்டிய ஜல்லி

என்னைப் பாராட்டி வழியனுப்பத்தான் அந்த ஜல்லியைக் கொட்டினார்கள். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மலேசியாவில் புக்கிட் செலம்பாவ் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்க, திண்டுக்கல்லிலிருந்து தன்னார்வலராகப் போயிருந்தேன். தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் களம் போட்டது அந்தப் பிள்ளைகள்தான். வேரைப் பிடுங்கி, கல் பொறுக்கி, மண்ணைச் சலித்து, மேலே மரத்தூள் பரப்பினார்கள். விழுந்தால் முட்டி சிராய்க்கக் கூடாது. சிராய்த்தால் மறுநாள் வீட்டில் விடமாட்டார்கள். நான் ஊர் திரும்பிய பிறகும் இவர்கள் ஆட வேண்டும், அது ஒன்றுதான் எனக்குக் கவலை.

கிளம்புவதற்கு முந்தின நாள் நான் தங்கியிருந்த கோயில் மண்டபத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வெளியே லாரி சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் களத்தின் நடுவில் ஜல்லி குவிந்து கிடக்கிறது. ஆட்கள் மண்வெட்டியால் பரப்புகிறார்கள். ஓடிப்போய்க் கோயில் கமிட்டித் தலைவரைக் கேட்டேன்.

“சாயங்காலம் ஒங்களுக்குத்தான் விருந்துலா, டீச்சர். ஒய்.பி. வர்றாரு. மழ பேஞ்சா சேறாயிடும். அவரு சப்பாத்து அழுக்காகக் கூடாதுல்ல?”

“பிள்ளைங்க எங்கண்ணே ஆடும்?”

“அதான் நீங்க போறீங்கள்ல?”

ஒய்.பி. என்றால் அங்கே தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். அந்த நிமிடமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்க வேண்டும். மரியாதை என்கிற கண்றாவி ஒன்று தடுத்துவிட்டது. சாயங்காலம் அந்த ஜல்லி மேலேயே கூடாரம் போட்டு, மைக்கைப் பிடித்து, நான் கபடியை வளர்த்த கதையைப் பேசினார்கள். என் பிள்ளைகளைச் சேலை கட்டச் சொல்லிப் பந்தி பரிமாற விட்டிருந்தார்கள். ஒய்.பி. எனக்குச் சால்வை போர்த்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். ஒரு தூறல்கூட விழவில்லை.

மறுநாள் காலை பெட்டியைப் பூட்டும்போது ஜன்னலுக்கு வெளியே கல் உரசும் சத்தம். பிள்ளைகள் குத்தவைத்து ஜல்லி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அணித் தலைவி நிமிர்ந்தாள். அவள் அப்பா பக்கத்து ஊரான குருணில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், கண்டிப்பான மனுஷன்.

“கால்ல காயம் பாத்தா அப்பா வுட மாட்டாரு டீச்சர். சுங்கைப் பட்டாணில மேட்ச் இருக்குல்ல,” என்றாள்.

நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வேனோடு தலைவர் வந்தார்.

“கெடக்கட்டும் டீச்சர். இனிமே திருவிழாவுக்குக் காரு நிறுத்த வசதியா இருக்கும்.”

அவ்வளவுதான், எனக்கு ரத்தம் கொதித்தது. நேற்றைக்கே முடிவு பண்ணிவிட்டார்கள். விருந்து எனக்கில்லை. அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து சால்வையை உருவி வந்தேன். களத்தில் விரித்து, இரண்டு கையாலும் ஜல்லியை அள்ளிப் போட்டேன். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துத் தூக்கிப்போய், தலைவர் எப்போதும் தன் காரை நிறுத்தும் இடத்தில் கொட்டினார்கள்.

“அது ஒய்.பி. போட்ட சால்வைலா, டீச்சர்.”

“நல்ல துணிண்ணே. இவ்வளவு கனத்துக்கும் கிழியல பாருங்க.”

வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் ஏறும்போது பாதிக் களம்தான் தெளிந்திருந்தது. சால்வையை அணித் தலைவி கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.