கௌபாய் போட்டிக்கு ஓர் இரட்டைக்குழல்

துப்பாக்கிக் கடையில் விற்பனைக்கு நிற்பதும் புடவைக் கடையில் நிற்பதும் ஒன்றுதான்: எதை வாங்குவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வந்து, "எதுங்க நல்லாருக்கும்?" என்று நம்மைக் கேட்பார்கள். நீங்கள் விற்றது செருப்போ சீப்போ, கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர் என்றால் உங்களுக்கு இது புரியும்.

நான் அந்தக் கடைக்கு டைப்பிஸ்டாகத்தான் போனேன். தொண்ணூறுகளின் ஆரம்பம். அவிநாசியில் என் வயதுப் பெண்கள் எல்லாம் காலை பஸ்ஸில் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குப் பஞ்சுத் தூசி சேரவில்லை. இரண்டு கம்பெனிகளில் இருமி இருமி வேலையை விட்டேன். காதர் பாயின் துப்பாக்கிக் கடையில் தூசி இல்லை, டைப்ரைட்டர் இருந்தது, லைசென்ஸ் விவரம் எழுதும் பெரிய ரிஜிஸ்தர்கள் இருந்தன. ஒரு வருஷம் எழுதியே அங்கிருந்த ஒவ்வொரு துப்பாக்கியின் நம்பரும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

கவுண்டரில் ஒரு நாள்

பாய் தொழுகைக்குப் போகும் நேரம் கவுண்டரை நான் பார்த்துக்கொள்வேன். ஒரு வெள்ளிக்கிழமை, பல்லடத்தில் கோழிப் பண்ணை வைத்திருந்தவர் ஒருவர் வந்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார், கடைசியில் ஆண்கள் யாரும் இல்லையா என்று கேட்டார். பாய் வர அரைமணி ஆகும், என்ன வேண்டும் என்று சொன்னால் எடுத்துக் காட்டுகிறேன் என்றேன். ஒற்றைக்குழலுக்கும் இரட்டைக்குழலுக்கும் வித்தியாசம், எடை, தோட்டா என்று தெரிந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். துப்பாக்கியை மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிவிட்டுத்தான் அவர் கையில் கொடுத்தேன். முகத்தில் கொஞ்சம் மரியாதை வந்தது. வாங்கி முகர்ந்து பார்த்தார், தூக்கிப் பார்த்தார். பிறகு ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

"அதெல்லாம் சரிங்க அம்மிணி, நீங்க ஒரு தடவையாச்சும் சுட்டிருக்கீங்களா?"

இடைவெளி

நான் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. சமைக்கத் தெரியாதவள் ஓட்டலில் பரிமாறுவது போல நான் நின்றிருக்கிறேன். மறுநாள் பாயிடம், கோயமுத்தூர்ப் பக்கம் இருக்கும் ரைபிள் கிளப்பில் என்னைச் சேர்த்துவிடச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, சம்மதிக்கவும் இல்லை. மூன்று வாரம் தினமும் காலையில் அதையே கேட்டேன். நாலாவது வாரம் சிபாரிசுக் கடிதத்தை அவரே சொல்லச் சொல்ல நானே டைப் அடித்தேன்.

கிளப்பில் பயிற்சி கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஹவில்தார், தூத்துக்குடிக்காரர். பெண் என்பதற்காகச் சலுகையும் இல்லை, கேலியும் இல்லை. கிளப் துப்பாக்கியைக் கொடுத்து, இருபது நிமிஷம் நிற்கும் விதம் சொல்லிவிட்டுச் சுடச் சொன்னார். சுட்டேன். தோளில் யாரோ உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குண்டு எங்கே போனது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ரவிக்கைக்கு உள்ளே தோள் கன்றிப்போனது, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறு பனியன் வேஸ்ட் துணியை நாலாய் மடித்துத் தோளில் தைத்துக்கொண்டு போனேன். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"எம்மா, துப்பாக்கி ஒன்னய உதைக்கல. நீதான் உதைக்கதுக்கு எடம் விட்டு நின்னிருக்க. கட்டையத் தோளோட ஒட்டிப் புடி, துணி வேண்டாம்."

துணியைப் பிரித்துவிட்டேன். அந்த வருஷம் முழுக்க நான் தவறவிட்ட ஞாயிறு இரண்டுதான். இரண்டும் கல்யாணம்.

அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம்

அடுத்த வருஷம் சென்னியப்பன் அண்ணன் வந்தார். பனியன் ஏற்றுமதி செய்பவர். ஐம்பது வயது, ஆள் குட்டை, நல்ல உடல்கட்டு. உடுமலைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு இருந்தது. காட்டுப்பன்றிக்காக ஒரு பழைய ஒற்றைக்குழலுக்கு லைசென்ஸும் இருந்தது. அதை வானத்தைப் பார்த்து இரண்டு தடவை வெடித்ததோடு சரி.

அவரிடம் சரக்கு வாங்கும் அமெரிக்கர் ஒருவர் தோப்புக்கு இளநீர் குடிக்க வந்தபோது அந்தத் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, தன் ஊரில் நடக்கும் ஒரு போட்டியைப் பற்றிச் சொல்லி, வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். பழைய காலத்துக் கௌபாய் மாதிரித் தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, அந்தக் காலத்து மாதிரித் துப்பாக்கிகளால் இரும்புத் தகடுகளைச் சுட்டுச் சாய்க்க வேண்டும். யார் சீக்கிரம் முடிக்கிறாரோ அவருக்கு முதலிடம். அடுத்த வருஷம் நீங்களும் வந்து கலந்துகொள்ளுங்கள் என்று ஊருக்குப் போனதும் கடிதமே போட்டுவிட்டார். ரிவால்வரையும் ரைபிளையும் அங்கே வந்து பழகிக்கொள்ளலாம். ஆனால் ஷாட்கன்னை, அதாவது ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் மாதிரித் துப்பாக்கியை, இங்கேயே பழகுங்கள், உங்களுக்கு எந்த மாதிரி சரிப்படும் என்று எழுதினால் அதையே அங்கே ஏற்பாடு செய்கிறேன் என்று இருந்தது. கூடவே நாலு பக்கத்துக்கு விதிகள். அகராதியை வைத்துக்கொண்டு அதைப் படித்துச் சொன்னேன். அவர் முழுசையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மத்த ரெண்டையும் அங்க போயிப் பாத்துக்கலாமுங்க. இது ஒண்ணுலயாச்சும் மானத்தோட நிக்கோணும்."

கடையிலேயே உசந்தது

கடையிலேயே உசந்த துப்பாக்கியைக் காட்டச் சொன்னார். எங்களிடம் ஒரு பழைய சீமை இரட்டைக்குழல் இருந்தது. சுட்டு முடித்துத் திறந்தால், காலித் தோட்டா இரண்டும் தானாகத் தெறித்து வெளியே விழும். சென்னியப்பன் அண்ணன் ஐந்தாறு தடவை திறந்து மூடினார். பாய்க்கு அன்றைய வியாபாரம் முடிந்துவிட்ட சந்தோஷம்.

எனக்கு மட்டும் விதிகளின் மூன்றாம் பக்கத்தில் படித்த ஒரு வரி உறுத்தியது. எடுத்துப் பார்த்தேன். தோட்டா தானாகத் தெறிக்கும் துப்பாக்கிக்கு அந்தப் போட்டியில் அனுமதி கிடையாது. திறந்தால் சற்றே மேலெழும்பி நிற்கலாம், நாம்தான் எடுத்துப் போட வேண்டும். சொல்லலாமா வேண்டாமா என்று முதலாளி முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிட்டேன். பாய் துப்பாக்கியை வாங்கித் துடைத்து உறையில் போட்டார்.

"படிக்கத் தெரிஞ்ச பிள்ளைய வேலைக்கு வச்சா இதுதான். நீயே ஒண்ணப் பொறுக்கிக் குடும்மா, நான் டீ சொல்றேன்."

கட்டை நீளம்

அப்புறம் இரண்டு நாள் மத்தியானம் பொறுக்கினோம். குதிரை, அதாவது தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தி, வெளிப்பக்கம் வைத்த பழைய மாடல் அவருக்குப் பிடித்திருந்தது, கடிதத்தோடு வந்த போட்டோவில் அமெரிக்கர் வைத்திருந்தது அதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு குதிரையையும் கட்டைவிரலால் இழுத்து வைக்க வேண்டும். புதியவர் அவசரத்தில் மறந்துவிடுவார் என்று அதை ஒதுக்கினேன். குழல் நீளமானது முன்னால் கனத்தது, அதையும் ஒதுக்கினேன். மிஞ்சிய இரண்டில் ஒன்றைத் தோளில் வைத்தால் பின்பக்க மரக்கட்டை அவர் அக்குளில் சிக்கியது. உயரமானவருக்குச் செய்த கட்டை. நல்ல துப்பாக்கிதான், வலிமையான ஆள்தான், ஆனால் ஒன்றுக்கொன்று சேரவில்லை. கடைசியாக, யாரும் கேட்காமல் மூலையில் இருந்த, பூச்சு மங்கிய, எடை குறைந்த இரட்டைக்குழலை எடுத்துக் கொடுத்தேன். சுவர்க் காலண்டரைக் குறியாகக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குக் கொண்டுவரச் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது குழல் நேராக அந்தக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அழகாக இல்லையே என்று வருத்தப்படுவார் என நினைத்தேன். முப்பது வருஷம் பனியன் தைத்தவர் அவர்.

"லார்ஜைக் கொண்டுபோயி ஸ்மால் ஆளுக்கு மாட்டுனா, எத்தனை நல்ல துணியா இருந்தாலும் தொங்கத்தானுங்க செய்யும். இதையே போடுங்க."

மூடிய கண்

அண்ணனைக் கிளப்பில் சேர்த்து நானே பழக்கத் தொடங்கியபோதுதான் நிஜமான கஷ்டம் ஆரம்பித்தது. பத்துத் தகட்டில் இரண்டு விழும், எட்டு அப்படியே நிற்கும். குறி சரியாகத்தான் பிடித்தார். ஒரு மாசம் எனக்குக் காரணம் புரியவில்லை. ஒரு ஞாயிறு, ஹவில்தாரிடம் அனுமதி வாங்கி, அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு குழலில் மட்டும் மருந்தில்லாத பொய்த் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தேன். விசையை இழுத்தார். வெடிக்கவில்லை. ஆனால் உடம்பு தூக்கிப் போட்டது, கண் இறுக மூடியிருந்தது. சத்தம் வருவதற்கு முன்பே சத்தத்துக்குப் பயந்திருக்கிறார்.

துப்பாக்கியைத் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வரமுடியாது என்று கடிதம் எழுதச் சொன்னார். நான் பேனாவை எடுக்கவில்லை. ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அமெரிக்கர் ஒன்பது வருஷமாக வந்து போகிறார். பேச்செல்லாம் இங்கிலீஷ் தெரிந்த மேனேஜரோடு. முதலாளியான இவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார், டீ வந்ததா என்று பார்ப்பார்.

"ஒம்பது வருசத்துல அந்த மனுசன் என்ற மூஞ்சியப் பாத்துக் கேட்ட மொதக் கேள்விங்க இது. வர்றீங்களான்னு."

"அப்பக் கடுதாசி வேண்டாமுங்கண்ணா. அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க" என்றேன்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் நிஜத் தோட்டாவையும் பொய்த் தோட்டாவையும் கலந்து கொடுத்தேன். எதில் எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பொய்த் தோட்டா பத்தில் எத்தனை தடவை உடம்பு துள்ளியது என்று குறித்துக்கொண்டேன். முதல் வாரம் பத்து. ஏழாவது வாரமும் ஒன்பது. எனக்கே அலுத்தது, அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. அவருக்கும் அலுத்திருக்கும், அவரும் காட்டிக்கொள்ளவில்லை. நாலாவது மாசம் நாலுக்கு வந்தது. பிறகு ஒரு நாள் எல்லாம் நிஜத் தோட்டா; பத்துத் தகட்டில் எட்டு சாய்ந்தது. கைதட்டலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகத் திரும்பினார்.

"இன்னைக்குத்தானுங்க அம்மிணி தகடு விழுகறதையே பாக்கறேன்."

எலாஸ்டிக்

இடையில் தோட்டா பெல்ட் ஒரு பெரும்பாடு. போட்டியில் துப்பாக்கியைக் காலியாகத்தான் எடுக்க வேண்டும், இடுப்பிலிருந்து இரண்டிரண்டாக உருவிப் போட வேண்டும். தோல் பெல்ட் எதற்கு, நம் கம்பெனியிலேயே தைக்கலாம் என்று ஜட்டிக்குப் போடும் எலாஸ்டிக்கை வளையம் வளையமாக வைத்துத் தைக்கவைத்துக்கொண்டு வந்தார் அண்ணன். பார்க்க நேர்த்தியாக இருந்தது. ஆனால் ஒரு தோட்டாவை இழுத்தால் பெல்ட்டே கூட வந்தது. வேட்டியும் கூட வரப் பார்த்தது. ஹவில்தார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தைத்த டெய்லரைக் கடைக்கே அழைத்து வந்தார் அண்ணன். டெய்லருக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

"நழுவக் கூடாதுன்னே கண்டுபிடிச்சது எலாஸ்டிக்கு, அதப் போயி நழுவலைன்னு கொறை சொல்றீங்களே முதலாளி."

பிறகு தளர்வான நாடாவில் வேறொன்று தைத்துக் கொடுத்தவரும் அவரேதான்.

போய் வந்தவர்

அண்ணன் அமெரிக்கா போகும் முன் துப்பாக்கிக் கட்டையின் நீளம், குழல் நீளம், எடை எல்லாவற்றையும் அளந்து அமெரிக்கருக்கு நானே டைப் அடித்து அனுப்பினேன். அண்ணன் போய்ப் பத்து நாள் ஒரு சேதியும் இல்லை. கடையில் டெலிபோன் அடித்தால் பாயும் நானும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம்.

திரும்பி வந்த மூன்றாம் நாள் கடைக்கு வந்தார். ரிவால்வரில் பாதிக்கு மேல் தவறியதாம், ரைபிளில் தோட்டா சிக்கிக்கொண்டதாம். ஷாட்கன் தகடு மட்டும் ஒன்று விடாமல் சாய்ந்ததாம். சாயங்காலம் அமெரிக்கர், இடையில் மேனேஜர் இல்லாமல், கையாலும் படத்தாலும், இரண்டு மணிநேரம் இவரோடு பேசிக்கொண்டிருந்தாராம். கடைசியில் எத்தனையாவது இடம் என்று பாய்தான் கேட்டார். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பதினொரு பேருல பத்தாவதுங்க பாய். பதினோராவது ஆளு வயித்து வலின்னு பாதியிலயே ஊட்டுக்குப் போயிட்டாருங்க."

துப்பாக்கிக்கு அதைப் பொறுக்கிய மறுநாளே பில் போட்டுவிட்டோம். கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பழகிய அத்தனை மாசத்துக்கும் எந்தத் தலைப்பில் பில் போடுவது என்றுதான் காதர் பாய்க்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.